காற்றல்ல, கல்தான் அக்கா

அக்கா,

இன்று காலை காஸ் தோங் லோரி வந்தது. லோரிக்காரர் வாசலில் நின்று, "ஆன்டி, எப்பவும் போல ரெண்டு தோங்தானா?" என்று கேட்டார். நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது போல. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "சாரி ஆன்டி, மறந்துட்டேன்லா. ஒண்ணு போதுமா?" என்றார். இரண்டு சிலிண்டரையும் இறக்கச் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் போன பிறகு சமையலறையில் லேசாக காஸ் வாடை அடித்துக்கொண்டிருந்தது. சன்னலைத் திறந்துவிட்டு உங்கள் அடுப்புக்கும் என் அடுப்புக்கும் நடுவில் நின்றேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும், 'ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எதற்கு?' என்று கேட்டிருக்கிறார்கள். நாம் இருவரும் ஒரு நாளும் சரியான பதில் சொன்னதில்லை.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவர், நான் தம்பியை. கிள்ளானில் துறைமுகம் போகும் சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இந்த வரிசை வீட்டுக்கு நீங்கள் முதலில் வந்தீர்கள். அத்தானுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. என் வீட்டுக்காரர் லோரியோடு பாதி வாரம் ஜொகூர் பக்கம் போய்விடுவார். நீங்கள் தமிழ்ப் பள்ளிக் கேண்டீனில் மீ ஹூன் நூடுல்ஸ் பிரட்டினீர்கள், நான் கையுறைத் தொழிற்சாலையில் நின்றேன். என் மகனின் முதல் பிறந்தநாள் விருந்தில் நான் வைத்த பருப்பை ருசி பார்த்துவிட்டு, "ஃபேக்டரியில கையுறை செய்யுற கைக்குச் சமையல் எங்கேருந்து வரும்?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டீர்கள். உங்கள் கேண்டீன் குழம்பைப் பற்றி நானும் ஒன்று சொன்னேன். அடுத்த வாரம் இரண்டாவது அடுப்பு வந்தது. அதற்குப் பிறகு நமக்குள் பேச்சு, "குழாய்ல தண்ணி வருதா?", "தோங் தீந்துருச்சா?" என்ற அளவில் நின்றுவிட்டது. அப்படியே சில வருடங்கள் ஓடின.

உங்களுக்குப் பித்தப்பையை அறுத்து எடுத்தது அந்த வருடங்களில்தான். வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. "பையையே எடுத்தாச்சு, இனிமே கல்லு எங்க வந்து உக்காரும்?" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன்.

அதன் பிறகு ஒரு மத்தியானம், வழக்கத்துக்கு மாறாக நேரத்தோடு கேண்டீனிலிருந்து வந்து படுத்துக்கொண்டீர்கள். கிள்ளான் வெயிலில் தகரக் கூரையெல்லாம் காய்ந்துகொண்டிருக்க, நீங்கள் இரண்டு போர்வைக்குள் நடுங்கினீர்கள். எனக்கு அன்று வேலை இல்லை. அடுப்படியில் இருந்தேன். குளியலறையிலிருந்து உங்கள் குரல் வந்தது.

"கமலா, இங்க கொஞ்சம் வாயேன்."

என் பெயரை உங்கள் வாயால் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. ஓடி வந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள்.

"ஒண்ணுக்கு கறுப்பா, கோப்பி ஓ மாதிரிப் போகுது. என்னன்னு தெரியல."

கையைப் பிடித்துச் சன்னலோரம் கூட்டிவந்து முகத்தைப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

ஆண்கள் இருவரும் வேலையில் இருந்தார்கள். டாக்சி பிடித்து நான்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அங்கே பார்த்துவிட்டுக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டரை உங்களுக்கு நினைவிருக்கும். நரைத்த தலை, சீனர், பேசும்போது பேனாவால் எதையாவது வரைந்துகொண்டே இருப்பார். ஈரலையும் அதிலிருந்து குடலுக்கு இறங்கும் பித்தக் குழாயையும் வரைந்து, குழாயின் அடியில் இரண்டு மூன்று வட்டம் போட்டார். பையை எடுத்தாலும் குழாய் இருக்கிறது, கல் அதில் சிக்கிப் பித்தத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் மஞ்சளும் காய்ச்சலும் என்றார். வயிற்றை அறுக்க வேண்டியதில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தக் குழாயின் வாயைக் கொஞ்சம் கீறி அகலமாக்கி, சின்னக் கம்பிக்கூடையால் கல்லைப் பிடித்து இழுத்துவிடலாம்.

அவர் மலாயில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். பாசாரில் மீன்காரனிடம் மலாயிலேயே சண்டை போடுகிற நீங்கள், அன்று ஒரு சொல்லும் புரியாதவர் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பயந்தால் உங்களுக்கு மலாய் மறந்துபோகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கல்லை எடுத்தார்கள். பெரியதை உள்ளேயே உடைத்து எடுக்க வேண்டியிருந்ததாம். மறுநாள் டாக்டர் நம்மிடம் சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. "பெரிய கற்கள் வந்துவிட்டன. கடைசிப் படத்தில் ஒன்றிரண்டு சின்ன நிழல் தெரிகிறது. குழாயோடு உள்ளே போன காற்றுக் குமிழியாக இருக்கலாம். பொடிக் கல்லாகவே இருந்தாலும் வாயை அகலமாக்கியிருப்பதால் தானாக இறங்கிவிடக்கூடும். ஆனால் மறுபடி வலியோ காய்ச்சலோ வந்தால் தவணைக்குக் காத்திருக்காமல் உடனே வாருங்கள்."

அவ்வளவையும் ஒரு சொல் விடாமல் வீட்டில் சொன்னேன். வீட்டில் நின்றது முதல் வாக்கியம் மட்டும்தான். அன்று சாயங்காலமே அத்தான் காஜாங்குக்கும் செராசுக்கும் போன் போட்டு, "எல்லாக் கல்லையும் எடுத்தாச்சு, கிளீன்!" என்று எல்லாச் சொந்தத்துக்கும் சொல்லிவிட்டார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்ட யாருக்கும் மிச்சத்தைச் சொல்ல மனம் வந்திருக்காது.

உங்கள் கண் தெளிந்தது. கேண்டீனுக்குப் போக ஆரம்பித்தீர்கள். ஆனால் நமக்கு நடுவில் சுவர் இல்லையே அக்கா, இரண்டு அடுப்புதானே. நீங்கள் எல்லாருக்கும் மீன் பொரித்துவிட்டு உங்களுக்கு மட்டும் வெறும் கஞ்சி ஊற்றிக்கொள்வதை நான் பார்த்தேன். சாப்பிட்டு முடித்ததும் கொல்லைப்பக்கம் போய்த் துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தேன். பார்க்க வந்த உறவுக்காரர்கள், "காத்துப் பிடிச்சிருக்கும், ஓமத் தண்ணி குடி" என்றார்கள். அத்தானும் காத்து என்றார். நீங்களும் காத்து என்றே சொல்லிக்கொண்டு தைலம் தேய்த்துக்கொண்டீர்கள்.

ஒரு விடிகாலையில் வேலைக்குக் கிளம்பி, டிபன் எடுக்கச் சமையலறைக்கு வந்தேன். நீங்கள் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து நின்றீர்கள். குழாய் திறந்தே இருந்தது. வலிச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் திறந்து வைத்திருந்தீர்கள்.

"அக்கா, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. காத்து."

"எங்க வலிக்குதுன்னு காட்டுங்க."

வயிற்றைக் காட்டுவீர்கள் என்று நினைத்தேன். உங்கள் கை நேராக விலாவுக்குக் கீழே போனது. "இங்கதான். பழைய எடந்தான்."

வெளியே ஃபேக்டரி பஸ் ஹார்ன் அடித்தது. நான் குழாயை மூடினேன்.

"அத்தான்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். டாக்டரு எல்லாத்தையும் எடுத்துட்டாரு, நீயா நெனச்சுக்கிட்டு வலிக்குதுங்கிறன்னாரு. சரின்னு நானும் விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினீர்கள். "எனக்குத் தெரியும் கமலா, இது காத்து இல்ல. ஆனா காத்துன்னா ஓமத் தண்ணியோட போயிரும். கல்லுன்னா மறுபடியும் அந்தக் குழாய முழுங்கணுமே."

மறுபடி ஹார்ன் அடித்தது. பிறகு பஸ் போய்விட்ட சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உங்களை உட்காரவைத்து எதிரில் நானும் உட்கார்ந்தேன். அப்போதுதான் நீங்கள் யாரிடமும் சொல்லாததைச் சொன்னீர்கள். மயக்க ஊசி போட்டும் உங்களுக்கு முழுசாக மயக்கம் வரவில்லை. குழாய் உள்ளே இறங்குவது, ஓங்கரிப்பது, யாரோ கையைப் பிடித்து அமுக்குவது எல்லாம் தெரிந்திருக்கிறது.

"நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்துனேன். வாயில கொழா இருக்கு, சத்தம் எப்படி வரும்? வந்திருந்தாலும் அங்க யாருக்குத் தமிழ் தெரியும்?"

ஆயிரம் பிள்ளைகளை ஒரு அதட்டலில் வரிசையில் நிறுத்துகிற கேண்டீன் அக்கா, அந்த மேசையில் ஒரு சொல் சொல்ல முடியாமல் கிடந்திருக்கிறீர்கள். தேத்தண்ணி போட்டேன். என் அடுப்பில் போட்டதைக் குடித்தீர்கள்.

அந்த வாரமே இருவரும் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினோம். இரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பண்ணினார்கள். ஸ்கேன் அறையில் இருந்தவர், பித்தக் குழாய் வீங்கியிருக்கிறது, ஆனால் கல் எதுவும் தெரியவில்லை, குழாயின் அடிப்பாகத்தைக் குடலில் இருக்கும் காற்று மறைக்கிறது என்றார். நரைத்த டாக்டர் இரத்த முடிவைப் பார்த்துவிட்டுப் பேனாவைச் சுழற்றினார். ஈரல் இன்னும் சிரமப்படுகிறது என்றார். ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்காகக் கல் இல்லை என்று சொல்லமாட்டேன், மறுபடி உள்ளே போய் மருந்து செலுத்திப் படம் எடுத்தால்தான் தெரியும், விட்டால் சீழ் பிடிக்கும், போன தடவையைவிட மோசமாகலாம் என்றார்.

அன்று சாயங்காலம் அத்தான் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "ஸ்கேன்ல கல்லு இல்லன்னு சொல்லிட்டாங்கதானே? அப்புறம் என்ன?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில், அவர் சொல்வதே உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்ற ஆசை இருந்தது. அதுவரை அத்தானோடு நேருக்கு நேர் நின்று நான் பேசியதில்லை. எதுவானாலும் என் வீட்டுக்காரர் வழியாகத்தான்.

"இல்லன்னு சொல்லல அத்தான். பாக்க முடியலன்னு சொன்னாங்க. அது வேற, இது வேற."

அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "போன தடவ இவ உள்ள இருந்தப்ப நான் வெளிய நின்னேன். கதவு தொறக்குறப்பெல்லாம் உயிர் போயி வந்துச்சு. மறுபடியும் நிக்கச் சொல்றியாம்மா?" என்றார். நீங்கள் எழுந்துபோய் அவருக்குச் சோறு போட்டீர்கள். போட்டுக்கொண்டே, "திங்கக்கெழம போறோம்" என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு.

மருத்துவமனையில் போன தடவை உங்களுக்கு நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் வரைவதை நிறுத்திவிட்டார். "இதை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?" என்றார். மயக்க மருந்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னார். தமிழ் பேச ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்று நான் கேட்டபோது தலைமை நர்சான பெரிய மிஸியைப் பார்த்தார். மிஸி, வழக்கமில்லை டாக்டர் என்றார். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அங்கி ஒன்று கொடுங்கள் என்றார். எக்ஸ்ரே படாமல் இருக்க ஈயம் வைத்த அங்கி அது. போட்டதும் என் தோள் இறங்கிவிட்டது.

மேசையில் படுத்ததும் நீங்கள் என் காதில் சொன்னீர்கள். "கமலா, நான் இடது கையால மேசையத் தட்டுனா நிறுத்தச் சொல்லு." டாக்டரிடம் சொன்னேன். "ஓகே, ஒரு தட்டு, நான் நிறுத்திவிடுகிறேன்" என்று தலையாட்டினார். குழாய் இறங்கும்போது ஒரு தடவை தட்டினீர்கள். "டாக்டர், ஸ்டாப்!" என்று நான் போட்ட சத்தத்தில் மிஸி திடுக்கிட்டார். டாக்டர் அசையாமல் நின்றார். எச்சிலை உறிஞ்சி எடுத்தார்கள், மருந்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். உங்கள் கை மேசையின் மேல் விரிந்தே கிடந்தது. மறுபடி தட்டவில்லை. நீங்கள் நிம்மதியாகத் தூங்கிப்போனீர்கள்.

நீங்கள் பார்க்காத மிச்சத்தை நான் பார்த்தேன் அக்கா. திரையில் உங்கள் பித்தக் குழாய் வெள்ளைக் கோடாக எழும்பி வந்தது. அதற்குள் மூன்று கரும்புள்ளிகள். மூன்றும் ஒரே மாதிரி உருண்டை. எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டர் மேசையின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னார். மேசை மெதுவாகச் சாய்ந்தது. புள்ளிகளில் ஒன்று கோட்டின் வழியே மேல்நோக்கி நழுவிப் போனது. மற்ற இரண்டும் கீழே இறங்கி அடியில் உட்கார்ந்துகொண்டன.

டாக்டர் என் பக்கம் திரும்பாமலே மலாயில் சொன்னார். "ஆங்கின் நாயிக். பத்து தூருன்." காற்று மேலே ஏறும், கல் கீழே இறங்கும்.

பிறகு ஒரு சின்னப் பலூனைக் குழாய்க்குள் விட்டு, ஊதி, மேலிருந்து துடைத்ததுபோல இழுத்தார். பாசிப்பயறு அளவில் பழுப்பாக ஒன்று குடலுக்குள் வந்து விழுந்தது. அடுத்த இழுப்பில் இன்னொன்று, பாதி உதிர்ந்துபோய். அதோடு அவர் விடவில்லை. மருந்து விட்டுப் பார்த்தார், மறுபடி பலூனை இழுத்தார், மறுபடி பார்த்தார். வெள்ளைக் கோட்டில் ஒரு மறுவும் இல்லை. கடைசியில் மெல்லிய குழாய் ஒன்றைப் பித்தக் குழாய்க்குள் வைத்து அதன் மறுமுனையை மூக்கு வழியாக வெளியே கொண்டுவந்தார். இது இருந்தால், சில நாள் கழித்து எதையும் விழுங்காமலே மருந்து விட்டு மறுபடி படம் பார்க்கலாம் என்றார். "போன தடவை என் கண்ணை நம்பிவிட்டேன். இந்தத் தடவை இரண்டாவது தரமும் பார்க்கிறேன்."

வார்டில் மூக்கில் குழாயோடும், அதன் முனையில் கரும்பச்சைத் தண்ணீர் நிறையும் பையோடும் நீங்கள் உட்கார்ந்திருந்ததை அத்தானால் பார்க்க முடியவில்லை. வந்தார், ஆரஞ்சுப் பழத்தை வைத்தார், சன்னலைப் பார்த்தபடி நின்றார். நடந்ததை நான் சொன்னேன். டாக்டர் மலாயில் கல்லைப் பத்து என்று சொன்னதைக் கேட்டதும் நீங்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அப்ப இத்தன நாளா வயித்துல ஒரு பத்துமலையையே வெச்சிருந்தேனா! தைப்பூசத்துக்கு முருகனத் தேடி எங்கயும் போயிருக்கவே வேணாம்லா!" அத்தான் அப்போதுதான் திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தார். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

சில நாள் கழித்து எடுத்த படத்தில் எதுவும் இல்லை. குழாயை உருவினார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பிரிக்ஃபீல்ட்சில் இறங்கித் தோசை சாப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தீர்கள். இலையைப் போட்டதும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வாய் சாப்பிட்டு, வலி வருகிறதா என்று காத்திருந்து, பிறகு இரண்டாவது வாய். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை.

"அன்னிக்கு பஸ்ஸ விட்டுட்டியே, சூப்பர்வைசர் ஏசினானா?"

"ஏசினான்."

"ஏசட்டும்" என்று சொல்லி உங்கள் வடையில் பாதியைப் பிய்த்து என் இலையில் வைத்தீர்கள். "சட்னியில உப்புக் கம்மி" என்றும் சொன்னீர்கள்.

வீட்டில் ஒரு அடுப்பை எடுத்துவிடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "இருக்கட்டும். இவ சாம்பார என்னால சாப்பிட முடியாது" என்றீர்கள். உங்கள் மீன் குழம்பு எனக்கும் காரம்தான். ஆனால் அதன் பிறகு நான் வெங்காயம் அரிவது உங்கள் பக்கம், நீங்கள் கீரை ஆய்வது என் பக்கம். பல வருடம் அப்படி இருந்தோம். அந்த வலி உங்களுக்குத் திரும்ப வரவே இல்லை.

சில மாதங்களுக்கு முன் உங்கள் நெஞ்சு நின்றது. பள்ளி ஓய்வு நேரத்துக்குச் சற்று முன், மீ பிரட்டிக்கொண்டிருந்தபோது. எங்கே வலிக்கிறது என்று கேட்க எனக்கோ அத்தானுக்கோ நேரம் தராமல் போய்விட்டீர்கள். அதை நினைத்து அத்தான் இன்னும் ஆறவில்லை. அவர் என் பக்கம் வந்து சாப்பிடுகிறார். நேற்று முதல் தடவையாக, இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா என்று கேட்டார். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் எங்கள் ஃபேக்டரியில், புதிதாக வந்த இந்தோனேசியப் பெண் ஒருத்தி, பெட்டிகளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். நடிக்கிறாள் என்றார் சூப்பர்வைசர். கிளினிக்கில் ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவளும் ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்றே மலாயில் திருப்பித் திருப்பிச் சொன்னாள். அந்த 'ஒன்றுமில்லை'யை என்னால் நம்ப முடியவில்லை. எனக்கு வைத்தியம் தெரியாது. அவள் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஷிப்ட் முடிந்து பஸ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. "அக்கா, நீங்க வீட்டுக்குப் போகணுமே" என்றாள்.

"பரவாயில்ல. அடுத்த பஸ்ல போயிக்கிறேன். நீ சொல்லு" என்றேன்.

அவள் என் கையை எடுத்து, வலிக்கிற இடத்தில் வைத்தாள்.